ஏலத்தில் வந்த வட்டப் பெட்டி: பழைய சாமானின் பூர்விகம் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மூன்று வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் 2,200 ரூபாய்க்கு ஒரு லாட் எடுத்தேன். ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று, எனாமல் தூக்கு இரண்டு, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வட்டப் பெட்டி. நான் கை தூக்கியது கடிகாரத்துக்காகத்தான். கடிகாரம் இன்னும் ஓடவில்லை. பெட்டிதான் என்னை ஓட வைத்தது. அதன் பூர்விகத்தைத் தேடி அலைந்த கதையைக் கேட்டவர்கள் எல்லாம் இப்போது தங்கள் வீட்டுப் பரணில் இருப்பதைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டி என்னதான்?

பர்மாவில் செய்த வெற்றிலைப் பெட்டி. ‘குன் இட்’ என்பது அங்கே அதன் பெயர். இதை ஒரு வரியில் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது.

ஏலப் பட்டியலில் ‘மர டப்பா, தெலுங்கு எழுத்துடன்’ என்று போட்டிருந்தார்கள். அந்த நான்கு வார்த்தையில் இரண்டு தப்பு. கையில் எடுத்ததுமே மரம் இல்லை என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு சாண் உயரம், அதே அளவு அகலம், ஆனால் எடை அரைக் கிலோகூட வராது. மூடி பாதியோடு நிற்காமல் அடிவரை இறங்கி முழு உடம்பையும் மூடிக்கொள்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். மேல் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கறை. விரலால் தேய்த்தால் மாவாக வருகிறது. சுண்ணாம்பு. அதைப் பார்த்தும் எனக்கு வெற்றிலை ஞாபகம் வரவில்லை. பெயின்ட் என்று நினைத்தேன்.

விளிம்பில் ஒரு இடத்தில் மேற்பூச்சு உதிர்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடியில் கூடை முடைந்தது போலப் பின்னல் தெரிந்தது. மூங்கில் சிம்பு. அப்போதுதான் ‘மர டப்பா’ என்ற சொல் மண்டையிலிருந்து இறங்கியது. செட்டிநாட்டில் இந்த வகைச் சாமான்களுக்கு மரவை என்ற சொல் புழங்குகிறது. அதுவும் மரம் என்றே நினைக்க வைத்துவிடும்.

தெலுங்கு இல்லை என்று எப்படித் தெரிந்தது?

தெலுங்கு தெரிந்த நண்பர் ஒருவர் அரைமணி நேரம் முயன்றுவிட்டு, “பழைய தெலுங்காக இருக்கும்” என்றார். மலையாளி நண்பர் “பழைய மலையாளமாக இருக்கும்” என்றார். எழுத்து படிக்க முடியவில்லை என்றால் அது பழையது என்று சொல்லிவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். கல்வெட்டுப் பரிச்சயமுள்ள ஒரு பேராசிரியர் மட்டும், “வட்டம் வட்டமாக இருப்பது எல்லாம் நம்மூர் எழுத்து இல்லை. கடல் தாண்டியும் பாருங்கள்” என்றார்.

கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. பீச் ஸ்டேஷன் வரை போனால் போதுமாக இருந்தது. பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிடப் போனபோது, கடையில் உட்கார்ந்திருந்த எழுபது வயது அம்மாவிடம் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ரங்கூனில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யார் சொன்னா தெலுங்குன்னு? இது எங்க ஊர் எழுத்து தம்பி.”

எங்க ஊர் என்று அவர் சொன்னது ரங்கூனை. நாலாம் வகுப்பு வரை அங்கே படித்ததை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். முதல் வரியில் செய்தவர் பெயர், முன்னால் ‘சயா’ என்ற அடைமொழியோடு; நம் ஊரில் வாத்தியார், ஆசாரி என்று மரியாதையாகச் சொல்வது போல. இரண்டாம் வரியில் பகான் என்ற பர்மிய ஊர்ப்பெயர். மூன்றாவதில் நான்கு எண்கள். “ஒன்னு, ரெண்டு, எட்டு, ஏழு” என்று விரல் விட்டுச் சொன்னார்.

அப்புறம் மூடியைச் சுற்றி இருந்த மிருகங்களைக் காட்டச் சொன்னார். நான் அதை வேட்டைக் காட்சி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார். கருடன், புலி, சிங்கம், தந்தம் உள்ள யானை, தந்தம் இல்லாத யானை, எலி, கினிப் பன்றி, நாகம். ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பிராணி. புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு: காலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை, மாலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாதது. ஏழு கிழமைக்கு எட்டு மிருகம். “நீ என்ன கிழமை?” என்று கேட்டார். தெரியாது என்றேன். பழைய பெட்டிக்கு ஜாதகம் தேடுபவனுக்குத் தான் பிறந்த கிழமை தெரியவில்லை என்பதை அந்தக் கடை முழுக்க ரசித்தது.

1287 என்று வருடம் போட்டிருக்கிறதே, எழுநூறு வருடம் பழசா?

இந்தக் கேள்வியை வெவ்வேறு எண்களோடு வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். பொருளில் இருக்கும் எண் ஆங்கில ஆண்டு என்று யார் சொன்னது?

1287-ஐயே எடுத்துக்கொள்வோம். சக ஆண்டு என்றால் 78 கூட்ட வேண்டும், 1365 வரும். பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) என்றால் 590 கூட்ட வேண்டும். 1877 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. ஹிஜ்ரி என்றால் சந்திர ஆண்டு என்பதால் நேராகக் கூட்ட முடியாது; கணக்குப் போட்டால் 1870-71. கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு என்றால் 825 கூட்டி 2112 அளவில் நிற்கும், அது இன்னும் வரவே இல்லை. பர்மிய ஆண்டு என்றால் 638 கூட்ட வேண்டும்: 1925 ஏப்ரல் முதல் 1926 ஏப்ரல் வரை. அவர்களுக்கும் நம் சித்திரை ஒட்டியே புது வருடம் பிறக்கிறது.

ஆக ஒரே எண் பதினான்காம் நூற்றாண்டிலும் நிற்கலாம், இருபதாம் நூற்றாண்டிலும் நிற்கலாம். எந்தக் கணக்கு என்று சொல்வது எண் இல்லை. அதைச் சுற்றி இருக்கும் எழுத்தும், பொருள் செய்த விதமும்தான். என் பெட்டியில் எழுத்து பர்மியம், ஊர் பகான். அதனால் 1925-26.

தமிழ் வருடப் பெயர் போட்ட பாத்திரங்களில் வேறு தலைவலி. அந்த 1925-26 நமக்குக் குரோதன வருடம். பாத்திரத்தில் ‘குரோதன வருஷம்’ என்று மட்டும் வெட்டியிருந்தால் 1865-ஆகவும் இருக்கலாம், 1985-ஆகவும் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வந்துவிடும். விற்பவர் எப்போதும் முந்தைய சுற்றைத்தான் சொல்வார்.

ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். புளியைக் கரைக்காதீர்கள், பீதாம்பரியைத் திறக்காதீர்கள். பித்தளை, வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் கருமை அழுக்கு மட்டும் இல்லை. எத்தனை வருடம் எப்படி இருந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. என் சொந்தக்காரர் ஒருவர் எழுத்து வெட்டிய பழைய செம்பை எனக்குக் காட்டுவதற்காக முதல் நாளே பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். செம்பு மின்னியது. எழுத்தில் பாதி போயிருந்தது.

பெட்டி, மரச்சாமான் என்றால் உள்ளே இருக்கும் குப்பையைக்கூடக் கொட்டாதீர்கள். இழுப்பறைக்கு அடியில் விரித்த பழைய செய்தித்தாள், மூலையில் சிக்கிய பஸ் டிக்கெட், கடிகாரத்தின் பின்கதவில் ரிப்பேர்காரர் கிறுக்கிய தேதி, இவைதான் பிற்பாடு பேசும். முதலில் படம் எடுங்கள்: நாலு பக்கம், அடிப்பாகம், உட்புறம், ஸ்கேல் வைத்து ஒன்று. எடை போடுங்கள். லாட் எண், ஏலச் சீட்டு, பட்டியலில் இருந்த வர்ணனை எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். வர்ணனை தப்பாக இருந்தாலும் பத்திரப்படுத்த வேண்டும்.

அடுத்த நாளே ஏலக்காரரிடம் போய், இது யார் கொடுத்த சாமான் என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த ஊர், வீடு காலி செய்ததா, வியாபாரி கொடுத்ததா, இதோடு சேர்ந்து வேறு என்ன வந்தது என்பதையெல்லாம் நயமாகக் கேட்டால் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர்களுக்கே மறந்திருக்கும். நான் போனது ஐந்தாவது மாதம். “காரைக்குடி பக்கம் இடிச்ச வீட்டுச் சாமான்னு ஞாபகம் சார்” என்றார் கணக்குப்பிள்ளை. ஞாபகம் என்ற அந்த வார்த்தையையும் சேர்த்தே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுத்து தேய்ந்திருக்கிறது. மாவு பூசிப் படிக்கலாமா?

வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பொருளோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். டார்ச்சை மெல்லச் சுற்றிக்கொண்டே பத்துப் படம் எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத கால் இன்னொன்றில் தெரியும். முத்திரை, மோதிரம் போன்றவற்றில் எழுத்து திருப்பி வெட்டியிருக்கும், படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிப் பார்க்க வேண்டும். எளிய விஷயம், ஆனால் ‘சிந்துவெளி எழுத்து’ என்று எனக்கு வந்த ஒரு படம் புரட்டியதும் ‘சுப்பையா’ ஆனது.

தமிழ் எழுத்து வெட்டிய பாத்திரம். காலம் எப்படிச் சொல்வது?

முதலில் லை, ளை, ணை, னை எழுத்துகளைப் பாருங்கள். பழைய வடிவத்தில் யானைத் துதிக்கை போல மேலே ஒரு கொம்பு வளைந்து நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழியோடு சேர்ந்திருக்கும். 1978-ல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்ற பிறகே இன்றைய வடிவம் பள்ளிக்கூடம் வரை வந்தது. பெரியார் 1935-லிருந்தே தம் பத்திரிகைகளில் அதைப் பயன்படுத்தினார், ஆனால் பாத்திரம் வெட்டுபவர் அதைப் பின்பற்றியிருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனவே ‘1890-ம் வருஷத்து அண்டா’ என்று ஒருவர் கொடுத்ததில் ‘தையல்நாயகி துணை’ என்று இன்றைய ணை, தை அழகாக வரிசையாக நின்றால்… தையில் சிக்கல் இல்லை, அது அன்றும் அப்படித்தான். ணை காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பிப் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கொம்பு வைத்த லை இருப்பதாலேயே பழசு ஆகிவிடாது. என் பாட்டி 2005 வரை அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்.

வெட்டிய விதமும் பேசும். உளியும் சுத்தியும் வைத்துத் தட்டிய எழுத்து சின்னச் சின்ன வெட்டுகளாகத் தொடர்ந்து போகும். இன்று பாத்திரக்கடை வாசலில் மின்சாரப் பேனாவால் போடுவது ஒரே நடுக்கமான கோடாக இருக்கும்.

மூன்று நான்கு எழுத்துகள் புள்ளி வைத்து வரிசையாக இருந்தால் அது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) விலாசமாக இருக்கலாம். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் கோத்தது. சீர் சாமான் ஒவ்வொன்றிலும் வெட்டுவார்கள். அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டினால் எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு என்று தேடத் தொடங்கிவிடுவார். உங்களுக்கு இரண்டு காபி செலவு, அவ்வளவுதான்.

எழுத்தைப் படித்துவிட்டால் பூர்விகம் தெரிந்துவிட்டதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒரு பொருள் பிறந்த இடம் வேறு, உங்கள் கைக்கு வந்த வழி வேறு. முதலாவதைப் பொருளே சொல்லும். இரண்டாவதை மனிதர்களும் காகிதங்களும்தான் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தின் தமிழ் மணி இதற்கு நல்ல உதாரணம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வாங்கரெய் பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்துபோன மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். மொழி தெரிகிறது, உடையவர் பெயர் தெரிகிறது, கப்பல் மணி என்றும் தெரிகிறது. ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம் கப்பல்காரர் ஒருவரின் மணி அந்தத் தீவுக்கு எப்படிப் போனது? கப்பலே போனதா, கைமாறிக் கைமாறிப் போனதா? இன்றுவரை ஆளுக்கு ஒரு ஊகம். மணி வெல்லிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, பர்மாப் பெட்டி தமிழ்நாட்டுக்கு எப்படி வந்திருக்கும்?

வழி ஒன்றல்ல, பல. அதுதான் சிக்கல்.

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. சதுப்பு நிலம் எல்லாம் நெல் வயல் ஆனது. அதற்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுடைய கடைகள் ஏறக்குறைய 1,650 இருந்தன. கடை என்றால் வட்டிக்கடை. மூன்று வருட வேலைத் தவணை முடித்து ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் தேக்கு, அரிசி, வெற்றிலைப் பெட்டி என்று எதையாவது கொண்டுவந்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்காரர்களால் பணம் கட்ட முடியாமல் நிலம் கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் கால் பங்கானது. பர்மியர் கோபம் எங்கே தொடங்கியது என்று இதிலேயே தெரியும்.

1942-ல் ஜப்பான் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள். அப்படி வந்தவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அடுத்த அலை 1960-களில், நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு கப்பலில் வந்தது. பர்மா பஜார் அப்படிப் பிறந்ததுதான். அத்தோ கடை அம்மா வந்ததும் அந்த அலையில். நகையைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், பாத்திரம் பண்டத்தை விட்டார்கள் என்று அவர் சொன்னார்.

நாலாவது வழியும் உண்டு: முப்பது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வியாபாரி பாங்காக்கில் வாங்கி வந்திருக்கலாம். ரொமான்ஸ் இல்லாத வழி என்பதால் யாரும் இதை நினைப்பதில்லை. ஆனால் சந்தையில் இருக்கும் பர்மாச் சாமான்களில் பல இப்படி வந்தவைதான் என்பது என் எண்ணம்.

என் பெட்டியில் ஒரே ஒரு தடயம்தான் இருக்கிறது. அடியில் ஒட்டிய சிறு காகிதத் துண்டில் ஊதா மையில் ‘த. 14’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. அறை அறையாகச் சாமான் பட்டியல் எழுதி வைக்கும் பெரிய வீட்டு வழக்கம் போலத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவே.

பர்மா அரக்குப் பெட்டி என்கிறார்களே, அது நம் அரக்குதானா?

இல்லை. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. பர்மாவில் பூசுவது ‘திட்சி’ என்ற மரப்பால். மூங்கில் சிம்பில் உருவம் முடைந்து (மிக உயர்ந்த ரகத்தில் குதிரை மயிரும் சேர்த்து), அந்தப் பாலில் சாம்பல் கலந்து மெழுகி, மண்ணுக்கடியில் இருக்கும் அறையில் காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி… ஒரு நல்ல பெட்டி முடிய மாதக்கணக்காகும். கறுத்து மின்னும் மேற்பரப்பில் எழுத்தாணி போன்ற கருவியால் கை போன போக்கில் கீறுவார்கள். கீறலில் ஒரு நிறம் நிரப்பிக் கழுவுவார்கள். அப்புறம் அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறுவார்கள். சிவப்புக்கு ஜாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம். நம் சித்த வைத்தியக் கடைச் சாமான் எல்லாம் அங்கே சித்திரமாகியிருக்கிறது.

அரிதாரமும் ஜாதிலிங்கமும் விஷச் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். இந்தப் பெட்டியில் பலகாரம் போட்டு வைக்காதீர்கள். வெந்நீரில் கழுவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

‘மேட் இன்’ முத்திரை இருந்தால்?

அதிர்ஷ்டசாலி. ஏற்றுமதிச் சாமானில் நாட்டுப் பெயர் போடும் பழக்கம் அமெரிக்கா 1891-ல் அதைக் கட்டாயமாக்கிய பிறகு பரவியது. ‘நிப்பான்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முன். அதற்குப் பின் ‘ஜப்பான்’. ‘ஆக்யுபைடு ஜப்பான்’ என்றால் போருக்குப் பின், 1952-க்குள். என் தூக்கு இரண்டிலும் ‘செக்கோஸ்லோவாக்கியா’ இருக்கிறது. அந்த நாடே 1918-ல்தான் பிறந்தது. கடிகாரத்தில் டயலில் இருப்பது பல சமயம் விற்ற கடையின் பெயர். செய்தவர் யார் என்று அறிய இயந்திரத்தின் பின்தகட்டைப் பார்க்க வேண்டும்.

கூகுள் லென்ஸில் போட்டால் தெரியாதா?

போட்டேன். புகையிலை ஜாடி என்றது, பிறகு மெக்சிகோ என்றது. ஆனால் சரியான பெயர் தெரிந்த பிறகு இணையம் பொக்கிஷம். பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இரண்டும் தங்கள் சேகரிப்பைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அங்கே பர்மிய வெற்றிலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் என் பெட்டியின் மூடி ஏன் அவ்வளவு ஆழம் என்று புரிந்தது.

டூப்ளிகேட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை படும் இடத்தில் தேய்ந்து, படாத மூலையில் புதிதாக இருந்தால் நம்பலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு பழசாக இருந்தால் யாரோ உட்கார்ந்து பழசாக்கியிருக்கிறார்கள். பித்தளையை மண்ணில் புதைத்து எடுப்பது பழைய தந்திரம். மரச்சாமானில் ஸ்க்ரூவைப் பாருங்கள்: தலையில் கூட்டல் குறி போலப் பள்ளம் இருக்கும் ஸ்க்ரூ 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. நூற்றைம்பது வருடப் பெட்டியில் அது இருந்தால் ரிப்பேர் செய்தது அல்லது கதை விட்டது.

சாமி சிலை ஒன்று ஏலத்தில் வந்தது. ரசீது இருக்கிறது. பயமில்லை அல்லவா?

பயப்படுங்கள்.

1967-ல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை ஒன்றை வாங்கியது. 16-ஆம் நூற்றாண்டுச் சிலை. ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தது, பகிரங்க ஏலம், ரசீது, எல்லாம் சரி. ஐம்பது வருடம் கழித்து 2019-ல் ஒரு ஆய்வாளர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் 1957-ல் எடுத்த படம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுத்த படம். அதில் நிற்பது அதே ஆழ்வார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் சிலையைத் திருப்பித் தருவதை ஆதரித்தது. ஏலத்துக்குப் பத்தே வருடம் முன் கோயிலில் இருந்த சிலை! ரசீது சொன்னது கடைசிக் கைமாற்றத்தை மட்டும்.

அதனால் சிலை என்றால் வாங்கும் முன்பே கேட்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி ஆகியவற்றை வைத்திருப்பவர் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்று இல்லாமல் யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தால் அது வேறு சட்டம், 1878-ல் வந்த புதையல் சட்டம்: கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். கழுவிப் பூஜை அறையில் வைப்பது விடை இல்லை.

தந்தத்தில் செய்த சாமான்?

தொடாதீர்கள். வாங்குவதும் விற்பதும் குற்றம். தாத்தா காலத்தது என்பது பதில் ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாமா?

சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகள் பெட்டியைக் கேட்டாள். 1925-26-ல் செய்தது, அதாவது சட்டம் சொல்லும் நூறைத் தொட்டுவிட்டது. பதிவுப் பட்டியலில் வெற்றிலைப் பெட்டி வராது. ஆனால் நூறு வருடம் ஆன கைவினைப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது, அது பர்மாவில் செய்ததாக இருந்தாலும். சந்தேகமான பொருள் என்றால் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். ஏர்போர்ட்டில் வாதம் செய்வது வீண்.

மூன்று வருடம் முன்பே கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன் என்றேன். நம்பவில்லை.

என்ன விலை போகும்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. விலை சொல்பவரே வாங்க வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் துறைவாரியாகக் காப்பாட்சியர்கள் இருக்கிறார்கள். பொருளை அல்ல, முதலில் படங்களை எடுத்துப் போங்கள். அச்சிட்ட காகிதம், விளம்பரம், பழைய விலைப்பட்டியல் என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோயில் சம்பந்தம் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். ஆனால் என் அனுபவத்தில் அந்தப் பொருளைப் புழங்கிய மனிதர்தான் முதலில் திறப்பார். எல்லா நிபுணர்களும் எழுத்தைப் பார்த்தார்கள், அத்தோ கடை அம்மா மட்டும் தட்டைத் தொட்டுப் பார்த்து, “சுண்ணாம்பு மேல்தட்டுல, வெத்தலை கீழ. ஈரம் போகாது” என்றார். அடுத்த முறை போனபோது பெட்டியையே எடுத்துப் போயிருந்தேன்.

இன்னும் தேடுகிறீர்களா?

ஆமாம். ‘த. 14’ இன்னும் அவிழவில்லை. உங்கள் வீட்டுச் சாமானிலோ, ஏலத்தில் எடுத்ததிலோ அடியில் கட்டைவிரல் அகலக் காகிதம் ஒட்டி, ஊதா மையில் ‘த’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் கிழிக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த ‘த’வின் வாலை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்து எழுதிய கை அது.